இரண்டு புள்ளி மூன்று ஆறு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு வெயில் ஆகாது. ஊரெல்லாம் சூரியனைப் பார்த்தால் எழுந்திருக்கும், நான் சூரியனைப் பார்த்தால் கண்ணை மூடிவிடுவேன். இருபத்து மூன்று வருடமாக ஐஸ் பிளாண்டில் ராத்திரி வேலை. மேலத்துறைக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? நானும் அங்கேதான். நாகர்கோவிலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். யாரிடமாவது பேசிக்கொண்டே வந்தால்தான் சரியான இடத்தில் இறங்குவேன்.

ஒரு கேள்வி கேட்கட்டுமா? ஒரு மேனேஜர், இருநூற்றுப் பன்னிரண்டு மேட்ச், முந்நூற்றொரு கோல். இன்னொரு மேனேஜர், பதினொரு மேட்ச், இருபத்தாறு கோல். யார் பெரியவர்?

அவசரப்படாதீர்கள். முந்நூறு என்றுதான் வாயில் வரும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதுதான் வருகிறது. வகுக்க வேண்டும் சார். வகுத்தால்தான் மனிதன் தெரிவான். முன்னவருக்கு மேட்ச்சுக்கு ஒன்று புள்ளி நான்கு இரண்டு. பின்னவருக்கு இரண்டு புள்ளி மூன்று ஆறு.

அந்தப் பின்னவர் நான்தான். ததேயுஸ்.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். தசமப்புள்ளி யாரும் சொல்லித் தந்ததில்லை, பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைப் பார்த்து நானே பிடித்துக்கொண்டது. ஐஸ் உறையப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அது உறைகிற வரை மனிதன் என்ன செய்வான்? நான் வகுத்தேன். எங்கள் புனித அந்திரேயா கால்பந்து கழகம் ஆடிய ஒவ்வொரு மேட்ச்சும் என் நோட்டில் இருக்கிறது. முதல் நாலு வருடத்துக்கு மேனேஜர் கிடையாது, அதனால் கணக்கும் கிடையாது. அப்புறம் எஸ்தாக்கி மாஸ்டர், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், பதினாலு வருடம். அப்புறம் வின்சென்ட், கோவாவில் ஏதோ கிளப்புக்கு ஆடியவர் என்பதால் கோவா வின்சென்ட், ஆறு வருடம். எண்பத்தெட்டு மேட்ச், நூற்று நாற்பத்தொன்பது கோல், ஒன்று புள்ளி ஆறு ஒன்பது. அப்புறம் நான். ஒரே ஒரு சீசன்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், கழகத்துக்கு வெள்ளிவிழா. மலர் போடுகிறார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: ‘மேனேஜர்களும் கோல்களும், ஓர் ஒப்பீடு’. அது என் யோசனை, என் கணக்கு. என் பேர் அச்சில் வந்தது இதுவரை ரேஷன் கார்டில் மட்டும்தான், அதிலும் ‘ததேயம்மாள்’ என்று இருக்கிறது. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் ஒரு வருடமாகத் தூங்காமல் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அச்சகத்திலிருந்துதான் வருகிறேன். கடைசி புரூஃப் பார்த்து, அடிக்கலாம் என்று கையெழுத்துப் போட என்னைத்தான் அனுப்பினார்கள். பகலில் சும்மா இருப்பவன் நான்தானாம்.

மேனேஜர் ஆனதும் அப்படித்தான் சார். போன வருடம் வின்சென்ட் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மாஸ்டருக்கு மூட்டு வலி. பாதுகாவலர் கோப்பைப் போட்டி தொடங்கப் பத்து நாள். கழகத் தலைவர் பனியடிமை என் வீட்டுக்கே வந்தார். நான் அப்போதுதான் படுத்திருந்தேன்.

“ஓய் ததேயு, நீரு பகல்ல சும்மாதானே கெடக்கீரு?”

“தூங்குதேன் ஓய்.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். கெடக்குத எடத்த மைதானத்துல போடும். கூட ஒரு விசிலு தாரோம்.”

என் மனைவி புஷ்பலீலா அடுக்களையிலிருந்து சொன்னாள், “கூட்டிட்டுப் போங்க அண்ணே. கெடக்குததுக்கு ஒரு பாயும் தாரேன்.” அவளுக்குப் புரியவில்லை, அது ஒரு நியமனம் என்று.

எங்கள் டீமில் மார்சலின் என்று ஒருவன். இருபத்தாறு வயது. கட்டுமரத்தில் போகிறவன். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. கால் இருக்கிறதே, அது பேசும். ரெஃபரி விசில் ஊதினால் மற்றவர்கள் நிற்பதைப் பார்த்து நிற்பான். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கழகக் கமிட்டியில் யாருமே இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கடற்கரைப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், மூவேளை செபத்துக்கு. மும்மூன்றாக மூன்று தடவை, பிறகு ஒரு நீள அடி. மொத்தம் ஒன்றரை நிமிடம். வலை பின்னுகிறவன் வலையை விடுவான், மீன் விற்கிறவள் தராசை விடுவாள். மேட்ச் நடந்தாலும் அப்படித்தான். ஆடுகிறவன், பார்க்கிறவன், கோல்கீப்பர், ரெஃபரி, கடலை விற்கிறவன், எல்லோரும் இருந்த இடத்தில் நின்று சிலுவை போட்டுக் கண்ணை மூடி, ‘ஆண்டவருடைய தூதர்’ சொல்வார்கள். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். இதற்கு விசில் கிடையாது. செபத்துக்கு எவனாவது விசில் ஊதுவானா? அது ஃபவுலா? ஆக, பந்து செத்துப்போனதாக யாரும் அறிவிப்பதில்லை. பந்துக்கு உயிர் இருக்கும். ஆளுக்குத்தான் இருக்காது.

முதல் மேட்ச். ஆறு மணி. மணி அடித்தது. எல்லோரும் நின்றார்கள். மார்சலின் மட்டும் பந்தோடு போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்கு மணி கேட்கவில்லை. ஒருவன், இரண்டு பேர், மூன்று பேர், யாரும் தடுக்கவில்லை. தன் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். கோல்கீப்பர் கையைக் கூப்பி நிற்கிறான். மார்சலின் அவன் பக்கத்திலேயே மெதுவாக, நோயாளியின் வாயில் மருந்து ஊற்றுகிற மாதிரி, உள்ளே தட்டிவிட்டான். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். ஒருவரும் கத்தவில்லை. ஆயிரம் பேர் குனிந்து நிற்கிறார்கள்.

ரெஃபரி ‘ஆமென்’ சொல்லிக் கண்ணைத் திறந்தால், பந்து வலைக்குள் இருக்கிறது. லைன்ஸ்மேனைப் பார்த்தார். அவரும் செபத்தில் இருந்தவர்தானே. என்ன செய்வார் மனிதர்? விசில் ஊதவில்லை, பந்து கோட்டைத் தாண்டியிருக்கிறது. கோல்.

மறுநாளே மார்சலினிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், எல்லோரும் கேட்டார்கள். ஆனால் மணியைச் சைகையில் எப்படிச் சார் சொல்வது? மேலே கையைக் காட்டினால் தேங்காய் என்பான். ஆட்டிக் காட்டினால் தொட்டில் என்பான். நான் நிறைய யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மேட்ச் வந்துவிட்டது. அதிலும் ஒரு மணி கோல். மூன்றாவதிலும் ஒன்று.

பதினொரு மேட்ச், பதினொரு மணி கோல் சார். ஒன்றுகூடத் தவறவில்லை. கிழக்கே ஓர் ஊரில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குக் காய்ச்சல், மணி நாலு நிமிடம் தாமதம். அன்றைக்கு மார்சலின் நாலு நிமிடமும் பந்தைக் காலடியிலேயே உருட்டிக்கொண்டு, அங்குமிங்கும் போக்குக் காட்டிக்கொண்டு, எல்லோரும் நின்ற பிறகுதான் கிளம்பினான். என்ன பொறுமை பாருங்கள்! காது கேட்காதவர்களுக்கே உள்ள பொறுமை அது.

எதிர் டீம்களும் சும்மா இருக்கவில்லை. எட்டாவது மேட்ச்சில் கோல்கீப்பர் ஒரு கண்ணைத் திறந்துகொண்டே செபித்தான். திறந்த கண் இந்தப் பக்கம், பந்து போனது அந்தப் பக்கம். ஒன்பதாவதில் ஆறு பேர் கோலுக்கு முன்னால் கைகோத்து நின்று செபித்தார்கள், கால்களுக்கு நடுவே போய்விட்டது. பத்தாவதில் ஒரு டீம், கன்னியாகுமரி பக்கத்திலிருந்து ஒரு பெந்தேகோஸ்துக்காரனைக் கோல்கீப்பராகக் கூட்டிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு இந்த மணி கிடையாதே! நல்ல மூளைதான். ஆனால் ஆயிரம் பேர் செபிக்கும்போது அவன் மட்டும் எப்படிச் சும்மா நிற்பான்? அவனும் அவன் முறைப்படி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி ‘அல்லேலூயா’ என்றான். பந்து கீழே போயிற்று.

ஃபைனல் இரண்டுக்கு ஒன்று. நாங்கள் ஜெயித்தோம். இருபத்தைந்து வருடத்தில் முதல் கோப்பை. தோளில் தூக்கினார்கள் சார். என்னையில்லை, மார்சலினை. ஆனால் அவனைத் தூக்கிய தோள்களில் ஒன்று என்னுடையது.

அன்று சாப்பிடும்போது புஷ்பலீலா கேட்டாள், “அந்தப் பயலுக்கு நெசமாவே மணி விஷயம் தெரியாதா?” “எப்படிச் சொல்ல?” என்றேன். அவள் எழுந்து தெருவில் போய், வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மார்சலின் முன்னால் நின்று, நெற்றி, மார்பு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டு, கையைக் கூப்பி, கண்ணை மூடிக் காட்டினாள். அவ்வளவுதான். மூன்று விநாடி. எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

மார்சலின் சிரித்தான். பிறகு சைகையில் ஏதோ நீளமாகச் சொன்னான். அவன் அம்மாதான் எங்களுக்கு எடுத்துச் சொன்னாள்: “ரெண்டாவது மேட்ச்லேயே தெரிஞ்சு போச்சாம். நிறுத்தச் சொல்லுவீருன்னு ஒவ்வொரு தடவையும் உம்மையே பாத்தானாம். நீரு கண்ண மூடாம, நோட்டப் புடிச்சிக்கிட்டு, ‘போ போ’ன்னு நிக்கீராம். சரி, மேனேஜரு வித்தை போலன்னு நெனச்சானாம்.”

மேனேஜர் வித்தை! அவன் வாயால், அதாவது கையால், சொன்னது. புஷ்பலீலா அதன்பிறகு சாப்பிடவில்லை. எனக்கு இரண்டு தடவை பசித்தது.

இப்போது கமிட்டிக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை ஒட்டிய பங்கு மன்றத்தில் கூட்டம். அட்டவணையை வைத்தேன். ததேயுஸ் 2.36, வின்சென்ட் 1.69, எஸ்தாக்கி 1.42. பனியடிமை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“புள்ளி முப்பத்தாறு கோலுன்னா என்னவே? பந்து கோட்டுல நிக்கா?”

“அது சராசரி ஓய்.”

“முழு கோலா போடும். அர கோலு, கா கோலெல்லாம் நம்ம ஊருக்கு வேண்டாம்.”

அப்போது எஸ்தாக்கி மாஸ்டர் எழுந்தார். மூட்டு வலிக்காரர், ஆனால் இதற்கு மட்டும் டக்கென்று எழுந்தார். “மணி கோல்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு” என்றார். கழித்தால் பதினைந்து கோல். பதினைந்தைப் பதினொன்றால் வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று ஆறு. அவருக்கும் கீழே! சரியாக ஒரு கோல் குறைகிறது சார். முதலாவது ஆள் கடைசி ஆள் ஆகிறேன். இதில் அநியாயம் என்னவென்றால், அந்தக் கழித்தலை அவர் மனக்கணக்காகவே செய்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்த தசமப்புள்ளி.

“மணி கோல் கழிஞ்சா ஃபைனல் ஒண்ணுக்கு ஒண்ணு. அப்பம் கப்ப திருப்பிக் குடுக்கணுமே?” என்று கேட்டேன்.

கண்ணாடி அலமாரியில் கோப்பை இருக்கிறது, எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பை வேண்டும், கோல் வேண்டாம். அதுதான் அவர்கள் மனசு.

எங்கள் கோயில் பங்குச் சாமியார் சின்ன வயசு, வெளியூர். நல்லவர். “காது கேளாத ஒருவர் தெரியாமல் போட்ட கோல்தானே, இதில் பாவம் ஏதுமில்லை. ரெஃபரி கொடுத்திருக்கிறார். கோல்கள் நிற்கட்டும்” என்றார். முடிந்தது சார். ஜெயித்துவிட்டேன். அப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

மாஸ்டர் விடவில்லை. “சாமி, நிக்கட்டும். ஆனா தெரியாம நடந்ததுன்னா அதுல மேனேஜருக்கு என்ன பெரும? காத்தடிச்சு தேங்கா விழுந்தா, தோப்புக் காவல்காரன் பறிச்சதா எழுதுவோமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

காவல்காரன்! ராத்திரி வேலைக்காரனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன். “தெரியாம இல்ல சாமி. மார்சலினுக்கு ரெண்டாவது மேட்ச்லேயே தெரியும். அது வித்தை. என் வித்தை. வேணும்னா அவனையே கேளுங்க” என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள் சார்.

சாமியார் மெதுவாகக் கேட்டார், “அப்படியானால் எல்லோரும் செபிக்கும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

“எழுதிட்டிருந்தேன் சாமி. எல்லாரும் கண்ண மூடினா கோல யாரு பாப்பா?”

பிறகு அரை மணி நேரம் வாதம். நான் சொல்வது உண்மையென்றால் அது பாவம், கோல் செல்லாது, கோப்பையும் போய்விடும். உண்மையில்லையென்றால் கோல் செல்லும், ஆனால் எனக்கு இல்லை. பனியடிமைதான் வழி கண்டுபிடித்தார். “ததேயு ராத்திரி வேல முடிச்சு நேரே பூசைக்கு வந்திருக்காரு. கண்ணப் பாருங்க, செவந்து கெடக்கு. தூக்கக் கலக்கத்துல பேசுதாரு” என்றார். அப்படியே மினிட் புத்தகத்தில் எழுதினார்கள் சார். ‘திரு. ததேயுஸ் அவர்கள் தூக்கக் கலக்கத்தில் கூறியது ஏற்கப்படவில்லை.’ என் வாழ்க்கையிலேயே நான் முழுக்க முழிப்பாக இருந்த நேரம் அதுதான்.

சரி, அந்தப் பதினொரு கோல்? யார் பேரிலாவது எழுத வேண்டுமே. மார்சலின் பேரில் எழுதலாமே என்று நினைக்கிறீர்களா? இது மேனேஜர்கள் பட்டியல் சார், ஆட்டக்காரர்களுக்கு இதில் கட்டம் கிடையாது. இருபத்தைந்து வருடத்தில் எந்தக் கோலை யார் போட்டது என்று நான் குறித்ததே இல்லை. அது வேறு துறை. கடைசியில் மாஸ்டரே சொன்னார், “செப நேரத்துல விழுந்தது. பாதுகாவலர் பேருல எழுதுங்க.” எங்கள் ஊர்ப் பாதுகாவலர் புனித அந்திரேயாதானே, எல்லோரும் கைதட்டினார்கள். சாமியார் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஆக, இப்போது பட்டியலில் நாலு பேர். கோவா வின்சென்ட், 1.69. எஸ்தாக்கி மாஸ்டர், 1.42. ததேயுஸ், 1.36. அதற்கு மேலே, தலைமாட்டில், தனிக் கட்டத்தில், புனித அந்திரேயா: கோல்கள் பதினொன்று. சராசரி என்ற இடத்தில் மாஸ்டர் தன் கையாலேயே எழுதினார், ‘அளவற்றது’. அப்போஸ்தலர் சார். வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போனவர். அவரிடம் போய் என் கோலைக் கொடும் என்று எப்படிக் கேட்பது? இரண்டு தடவை முழந்தாளிட்டுப் பார்த்தேன். சுரூபம், அதாவது சிலை, நேரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படியே இன்றைக்குக் காலையில் அச்சகம் போனேன். வேலை முடிந்து முகம்கூடக் கழுவவில்லை. அச்சகத்துக்காரர் புரூஃபை விரித்தார்.

“அண்ணாச்சி, நாப்பத்தொண்ணுல ஒரு வரி கூடுதலா நிக்கி. கீழ ஐஸ் கம்பெனி விளம்பரம், அத நவுத்த முடியாது. எழுத்தச் சின்னதாக்கினா வாசிக்க முடியாது. ஒரு பேர எடுத்துத் தந்தா உடனே மெஷின்ல ஏத்திருவேன்.”

ஐஸ் கம்பெனி என்றால் எங்கள் முதலாளிதான். அதில் கை வைக்க முடியாது.

பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார் சார். யாரும் இல்லை. நானும் நாலு பேரும். நாலு பேரில் நானும் ஒருவன். நீங்களாக இருந்தால் யாரை எடுப்பீர்கள்?

பாதுகாவலரை எடுத்தால் ஊருக்குள் போக முடியாது. மாஸ்டரை எடுக்கலாம் என்று கை துடித்தது. பேனாவை அவர் பேரின் மேலேயே வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மூளை வேலை செய்தது. மாஸ்டரை எடுத்தால் மிச்சம் வின்சென்ட், நான். கடைசி நான். வின்சென்டை எடுத்தால் மிச்சம் மாஸ்டர், நான். அப்போதும் கடைசி நான். யாரை எடுத்தாலும் நான்தான் கடைசி. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பேரை எடுத்தால் மட்டும்தான் கடைசி ஆள் மாறுகிறார்.

என் பேரை எடுத்தேன்.

பாருங்கள் சார், இதுதான் அடித்த தாள். மடிக்காதீர்கள், மை ஈரம். வின்சென்ட் 1.69. அதற்குக் கீழே, விளம்பரத்துக்கு மேலே, கட்டக் கடைசியில் யார்? எஸ்தாக்கி மாஸ்டர்! பதினாலு வருடம் மேனேஜர், முந்நூற்றொரு கோல், கடைசி! ஆயிரம் பிரதி. அவரே போட்ட தீர்ப்பு, அவர் தலையிலேயே. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சந்தோஷத்தில் இன்னொன்றும் குடித்தேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. புஷ்பலீலா பத்துப் பிரதி சொல்லி வைத்திருக்கிறாள். அவள் அக்காவுக்கு ஒன்று, குவைத்தில் தம்பிக்கு ஒன்று, மிச்சம் தெருவுக்கு. கோப்பை ஜெயித்த அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் நேற்று அவளாகவே கேட்டாள், “ஒங்க பேரு எந்தப் பக்கம்?” நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் புள்ளியெல்லாம் தெரியாது சார். முதலாவதா, கடைசியா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். பேர் இருக்கிறதா என்று மட்டும்தான் விரலை வைத்துத் தேடுவாள்.

இப்போது போனதும் உட்கார வைத்து நிதானமாக விளக்கப் போகிறேன். பேர் இல்லாதவனை யாராலும் கடைசியில் போட முடியாது என்று. உங்களுக்குப் புரிந்தது இல்லையா சார்? பஸ்ஸில் பார்த்த உங்களுக்கே புரிகிறது. அவளுக்கு ஏன் புரியாது?